சூடேறும் இரண்டு இன்ஜின்கள்: இரும்பு புல்லட்டும் ஹிமாலயன் 450-உம்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கோலியனூரைத் தாண்டினால் வளவனூர். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கு இரண்டு வகை வண்டிகள் ஒரே புகாரோடு வரும். "அண்ணா, வண்டி ரொம்ப ஹீட் ஆகுது." ஒன்று, அப்பா வாங்கி வைத்து இன்றைக்கும் கழனிக்கும் கடைத்தெருவுக்கும் போய்வருகிற காஸ்ட் அயர்ன் புல்லட். மற்றொன்று, முன்சக்கரத்துக்குப் பின்னால் ரேடியேட்டரும் ஃபேனும் வைத்த புது வண்டி. சேலம், திருச்சிப் பக்கமிருந்து கடற்கரைக்குப் போகிற வாரக்கடைசிக் கூட்டத்தில் இந்த இரண்டாவது வகை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. புகார் ஒன்றுதான் என்பதால் வைத்தியமும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். ரேடியேட்டர் வண்டிகள் பாழாவது பெரும்பாலும் அந்த நினைப்பால்தான். இரண்டு இன்ஜின்களையும் அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டிய காரணம் அதுவே.

ஒப்பிடுவதற்கு ஒரே வீட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொள்வது நியாயம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் 350 உருவாயிற்று. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் அந்த இரும்பு சிலிண்டர் இன்ஜின் நம் ஊரில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை அடிப்படை மாறாமல் வார்க்கப்பட்டது. அதே நிறுவனம் 2023 நவம்பரில் ஹிமாலயன் 450-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'ஷெர்பா' என்று பெயரிட்ட அதன் இன்ஜின்தான் ராயல் என்ஃபீல்டு விற்பனைக்கு விட்ட முதல் லிக்விட் கூல்டு இன்ஜின். வளவனூர் வெயிலில் நிற்கும் இந்த இரண்டு வண்டிகளுமே நம் வடதமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவை.

அளவுகளைப் பார்த்தாலே சூட்டின் கதை பாதி விளங்கிவிடும். புல்லட்டின் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. கொள்ளளவு 346 சிசி. ஐயாயிரத்துச் சொச்சம் சுற்றில் சுமார் 18 குதிரைத்திறன். ஹிமாலயனின் போர் 84, ஸ்ட்ரோக் 81.5, கொள்ளளவு 452 சிசி. 8,000 சுற்றில் 40 குதிரைத்திறன். கம்ப்ரஷன் விகிதம் 11.5-க்கு 1, பழைய புல்லட்டில் அது ஏறக்குறைய இதில் பாதிதான். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் சக்கரத்துக்குப் போகிறது. ஏறத்தாழ அதே அளவு சைலன்சர் வழியே வெளியேறுகிறது. மிச்சம் இருப்பது இன்ஜின் சுவரில் இறங்குகிறது. அதை யாராவது வெளியே தூக்கிப்போட்டாக வேண்டும். திறன் இரண்டு மடங்குக்கு மேல் கூடினால் தூக்கிப்போட வேண்டிய சூடும் அந்த அளவுக்குக் கூடும். சிலிண்டர் மட்டும் அந்த அளவுக்குப் பெரிதாகவில்லை.

புல்லட்டில் அந்த வேலையைச் செய்வது சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்கள். வண்டி ஓடுகிறது, காற்று அடிக்கிறது, ஃபின் சூட்டை விடுகிறது. உள்ளே சுற்றும் ஆயில் தன் பங்குக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. ஹிமாலயனில் சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றியுள்ள அறைகளில் கூலன்ட் ஓடுகிறது. வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது, தெர்மோஸ்டாட் வழிவிடுகிறது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் வழியே போகும்போது அது ஆறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறும்போது தாங்கிக்கொள்ளும் சூடு, ஒரு லிட்டர் காற்று தாங்குவதைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல். இவ்வளவு சிறிய இடத்திலிருந்து அவ்வளவு சூட்டை அள்ள முடிவது அதனால்தான். முடிவில் இந்த வண்டியும் சூட்டைக் காற்றிடம்தான் ஒப்படைக்கிறது. ஆனால் ஒப்படைக்கும் இடம் இன்ஜினை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. சூடு பிறக்கும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் நடுவே ஆறேழு பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. பழுது அந்த வரிசையில் எங்கே வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம்.

ஆகவே கேட்கும் கேள்வியிலேயே வித்தியாசம் தொடங்குகிறது. புல்லட்காரரிடம் "எதனால் சூடாகிறது?" என்று கேட்க வேண்டும். ரேடியேட்டர் வண்டிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எப்போது சூடாகிறது?"

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும் கூட்டம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் தேங்கி நிற்கும். அந்த ஊர்தலில் மட்டும் சூடேறி, திண்டிவனம் தாண்டி வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறது என்றால் ஃபேனைப் பார்க்க வேண்டும். நின்ற வண்டிக்குக் காற்று கொடுப்பது அது ஒன்றுதான். இதற்கு நேர்மாறாக, நிற்கும்போது ஒன்றுமில்லை, எண்பது தொண்ணூறில் ஓட்டும்போது ஏறுகிறது என்றால் ஃபேனில் கை வைப்பது வீண் வேலை. அங்கே கூலன்ட் போதவில்லை, அல்லது ஓட்டம் தடைபடுகிறது, அல்லது ரேடியேட்டர் உள்ளேயோ வெளியேயோ அடைத்திருக்கிறது. வண்டியைக் கிளப்பிய ஐந்து நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், ஏர் லாக் ஆகியிருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சரியாகக் கிடைத்தால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்தது. அவசரத்தில் பல பட்டறைகளில் இதைத்தான் கேட்காமல் விடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

புல்லட்டின் சூடு வேறு தினுசு. நெரிசலில் அது சூடாவது இயல்பு; அணைத்துவிட்டு நிழலில் நிறுத்தினால் ஆறிவிடும். கவலைப்பட வேண்டியது ஓட்டத்தில் ஏறும் சூடுதான். அதன் சிலிண்டர் இரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். இரும்போ சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்துக்குப் பின்னால்தான். உள்ளே பிஸ்டன் பெருத்துக்கொண்டே போகிறது, போர் அந்த வேகத்தில் இடம் கொடுப்பதில்லை. ஒரு கட்டத்தில் பிஸ்டன் பிடித்துவிடுகிறது. பின்சக்கரம் இறுகி வண்டி இழுபடும். பழைய ஆட்களுக்கு இது வருவதற்குக் கொஞ்சம் முன்பே தெரியும்: இழுவை குறையும், டக் டக் என்று ஹெட்டில் தட்டும் ஓசை கேட்கும், வலது முழங்கால் பக்கம் அனல் அடிக்கும். உடனே கிளட்சைப் பிடித்து த்ராட்டிலை விட்டு ஓரங்கட்டுவார்கள். அரை மணி நேரம் புளியமரத்தடியில் நிறுத்தி, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்து, இறங்கினால் உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். லேசான பிடிப்பை இந்த இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். புதுப் போர் அடித்த வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொல்வதும் இந்தப் பிடிப்பைத் தவிர்க்கத்தான்.

அந்தச் சூட்டுக்குக் காரணங்கள் பெரும்பாலும் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடத்திலேயே இருக்கின்றன. முதல் சந்தேகம் பாயின்ட். கான்டாக்ட் பாயின்ட்டின் அடிக்கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கினால் ஸ்பார்க் தாமதமாகும். தாமதமாக எரியும் பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளுவதை விட்டுவிட்டு எக்ஸாஸ்ட் வால்வையும் பெண்ட் பைப்பையும் சுடவைக்கும். பைப் நீலம் பாய்ந்திருந்தால் முதலில் டைமிங்கைப் பார்ப்பது அதனால்தான். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு ஸ்போக் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயின்ட் திறக்கிறதா என்று பார்க்கிற அந்த வேலையில் அனுபவப்பட்ட கை எவ்வளவு நுட்பமாக இயங்குகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் தெரியும். கம்பி மேலே ஏறி நின்று இறங்கத் தொடங்கும் இடத்தை விரல்நுனி அறிகிறது. பாயின்ட்டின் நடுவே வைத்த மெல்லிய தாள் இழுத்தால் நழுவும் கணத்தில் டைமிங் குறிக்கப்படுகிறது. மீட்டர் எதுவும் கிடையாது.

அடுத்தது கார்புரேட்டர். மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியே திருட்டுக் காற்று நுழைந்தாலோ, ஜெட்டில் தூசி அடைத்தாலோ பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிடும், சூடு ஏறும். பிளக்கின் முனை வெள்ளைச் சாம்பல் பூத்திருந்தால் இதுதான். பிறகு ஆயில். ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டால் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் பம்ப்பைப் பிரித்தே ஆக வேண்டும். பிரேக் ஷூ ஒட்டி இழுப்பது, செயின் இறுக்கம், கிளட்ச் வழுக்குவது ஆகியவையும் இன்ஜினைச் சுடவைக்கும். ஃபின்களுக்கு இடையே சேறு காய்ந்து கிடப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

புல்லட்டைப் பற்றி இத்தனையும் நம் மெக்கானிக்குகளின் விரலுக்குத் தெரியும். எழுபது ஆண்டு அறிவு அது. ரேடியேட்டர் வண்டி அவ்வளவு காலம் நம்மோடு இல்லை. யமஹா ஆர்15 வந்தது 2008-இல். கேடிஎம் டியூக் 200-உம் பல்சர் 200 என்எஸ்ஸும் 2012-இல். இவற்றின் வழியாகத்தான் கூலன்ட் என்ற பேச்சே கிராமத்துப் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நிறுத்துவதுதான் முதல் வேலை. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வளவனூர் போய்ப் பார்த்துக்கலாம்" என்ற கணக்கு புல்லட்டில் செல்லும், இதில் செல்லாது. கூலன்ட் வற்றிய நிலையில் ஓடும் அலுமினிய ஹெட் சில நிமிடங்களிலேயே கோணிக்கொள்ளும். அதன்பின் சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரங்களுக்குப் போகும். நிறுத்தியபின் செய்யக் கூடாதது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. ஆவி அடங்காத குக்கரின் மூடியைத் திறப்பதற்கு ஒப்பானது அது. நூறு டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டு அழுத்தத்தில் அடங்கியிருக்கும் திரவம் முகத்தில் அடிக்கும். மூடியைச் சுற்றி உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும்.

ஆறியபின் பார்க்க வேண்டிய முதல் பொருளும் அந்த மூடிதான். இருப்பதிலேயே மலிவான பாகம் இது. பலரும் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். திருப்பிப் பிடித்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் அடியில் ரப்பர் வளையம், நடுவில் சின்னப் பொத்தான்போல ஒரு வால்வு. அந்த ஸ்பிரிங் சுமார் 1.1 பார் அழுத்தம் வரை திரவத்தை அடக்கி வைக்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அந்த அழுத்தத்தில் 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி மேலே. ரப்பர் வெடித்துவிட்டால் இந்த இருபது டிகிரிப் பாதுகாப்பு போய்விடுகிறது. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும்.

நடுவிலுள்ள குட்டி வால்வுக்கு வேறு வேலை. இன்ஜின் சூடானதும் விரியும் கூலன்ட் ரிசர்வ் டேங்குக்குப் போகிறது. இரவில் ஆறிச் சுருங்கும்போது அந்த வால்வு திறந்து, ரிசர்விலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வால்வு ஒட்டிக்கொண்டாலோ, இரண்டுக்கும் நடுவே போகும் ஒல்லியான ஹோஸில் கீறல் விழுந்தாலோ போனது திரும்பாது. நாளுக்கு நாள் ரேடியேட்டர் வற்றும், ரிசர்வ் டேங்கோ நிறைந்தே நிற்கும். வண்டிக்காரர் ரிசர்வைப் பார்த்து, "கூலன்ட் ஃபுல்லாத்தான் இருக்குண்ணா" என்று உறுதியாகச் சொல்வார். அவர் சொல்வதும் பொய் இல்லை. ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து கழுத்து வரை கூலன்ட் நிற்கிறதா என்று பார்க்காத வரைக்கும் இந்தப் பழுது பிடிபடாது. ரிசர்வில் அளவு காலையும் மாலையும் ஏறி இறங்கினால் ஆரோக்கியம்; மாதக்கணக்கில் ஒரே கோட்டில் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூடிக்கு அடுத்தபடி ரேடியேட்டரின் முகம். இங்கே நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. அறுவடைக் காலத்தில் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமச் சாலைகளில் உளுந்துச் செடியையும் எள்ளையும் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி இறங்கியே கதிரடிப்பு நடக்கும். அந்தச் சருகும் சொங்கும் முன்சக்கரம் வாரி இறைக்க, நேராக ரேடியேட்டர் ஃபின்களில் போய் அமரும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தால் அப்படியே அப்பிக்கொள்ளும். அழகுக்கென்று நெருக்கமான வலைக் கம்பியை மாட்டியிருந்தால் இன்னும் மோசம். கூடுதல் லைட்டை ரேடியேட்டர் முன்னால் பொருத்துகிறவர்களும் உண்டு. சுத்தம் செய்ய வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகக் காட்டக் கூடாது; மெல்லிய ஃபின்கள் மடங்கிப் படுத்துவிடும், காற்று புகும் வழி நிரந்தரமாக அடைபடும். மெல்லிய குழாய்த் தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தள்ள வேண்டும். அழுக்கு எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்பப் போகட்டும்.

ஃபேன் சோதனை எளிது. வண்டியை நிழலில் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டால் கூலன்ட் நூறு டிகிரியை ஒட்டி வரும்போது ஃபேன் தானாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். கனெக்டரில் பச்சை பூத்திருப்பது கடலோரக் காற்றுப்படும் வண்டிகளில் சகஜம். ஃபேன் இறக்கைகளை விரலால் தள்ளிப் பார்த்தால் மோட்டார் இறுகியிருப்பதும் தெரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கவும் லேப்டாப் வேண்டாம். கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்தால் போதும். மெழுகு அடைத்த அந்தச் சின்னக் கருவி, அதன்மேல் பொறித்த டிகிரியில் திறக்கத் தொடங்கினால் நல்லது. தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் மாற்ற வேண்டும். வாட்டர் பம்ப் கவருக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துளையை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். உள்ளே சீல் தேய்ந்ததும் அதன் வழியே கூலன்ட் சொட்டி, பம்ப்பைப் பிரிக்கச் சொல்லி அறிவிக்கும். அடைத்துவிட்டால் அதே கூலன்ட் ஆயிலில் கலக்கும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறும்.

ஹெட் கேஸ்கெட் போனதற்கு அறிகுறிகள் தனி. ஆறிய வண்டியைக் கிளப்பிய சிறிது நேரத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகும். மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பினால் குமிழ் குமிழாகக் காற்று வரும். சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வரும். இது தெரிந்துவிட்டால் மேற்கொண்டு ஓட்டாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு போவதே சிக்கனம்.

பழைய பழக்கங்கள் புது இன்ஜினுக்குத் தீங்கு செய்வது இந்த இடத்தில்தான். லாரி டிரைவர்கள் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டி அடைப்பார்கள். லாரி ரேடியேட்டரின் அகலக் குழாய்க்கு அது ஒரு இரவுப் பயணத்தைத் தாங்கியிருக்கலாம். மோட்டார்சைக்கிள் ரேடியேட்டரின் குழாய்களோ மிகக் குறுகியவை. ஓட்டையோடு சேர்த்து வழியையும் மஞ்சள் அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனி சூடே ஆகாது" என்று அனுப்பிவைப்பது இன்னொரு வழக்கம். அப்படி ஓடும் இன்ஜின் சரியான வெப்பத்துக்கு வரவே நேரமாகும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதி இசியு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும், போர் தேயும். லிக்விட் கூலிங்கின் பயன் இன்ஜினைக் குளிர வைப்பதோடு முடிவதில்லை. அதை ஒரே வெப்பத்தில் நிறுத்துவதும் அதன் வேலை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகை விதிகளை நாற்பது குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டரில் காப்பாற்ற அந்த நிலைத்த வெப்பம் பெரிதும் கைகொடுக்கிறது.

ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேரடி வயர் கொடுப்பது வழியில் மாட்டிக்கொண்டவருக்கு வீடு வந்து சேர உதவும். அதையே நிரந்தரமாக்குவது சரியல்ல. ஃபியூஸ் இல்லாத வயர் என்றைக்காவது உருகும். ஃபேன் எப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தால் உண்மையான பழுதும் மறைந்துகிடந்து வளரும்.

சூடான இன்ஜினில் தண்ணீர் ஊற்றுவது மட்டும் இரண்டு வண்டிக்கும் பொதுவான பாவம். புல்லட்டின் இரும்பு சிலிண்டர்மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். கொதித்து வற்றிய ஹிமாலயனின் ரேடியேட்டரில் சில்லென்ற தண்ணீரை ஊற்றினால் ஹெட் கோணலாம். பதறி ஓடிவந்து உதவுபவர்கள் முதலில் கையில் எடுப்பது அந்தக் குடம்தான். அவர்களைத் தடுப்பது சங்கடமாகவும் இருக்கும். ஆனாலும் தடுக்கத்தான் வேண்டும்.

தண்ணீரைப் பற்றிய இன்னொரு பேச்சும் பாக்கியிருக்கிறது. "நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு குணம்தான். கொதிநிலையை உயர்த்துவதும் அலுமினியம் அரிக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் ஊருக்கு வேண்டிய குணங்கள். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் சில மாதங்களில் படியும் வெள்ளைப் படிவத்தை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். அதே தண்ணீர் ரேடியேட்டரில் போனால் அதே படிவம் ஹெட்டைச் சுற்றியுள்ள அறைகளிலும் படியும். சுண்ணாம்புப் படிவம் சூட்டைக் கடத்தாது. கூலன்ட் ஓடிக்கொண்டே இருக்கும், இன்ஜின் மட்டும் ஆறாது. கலந்தே விற்கும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் அதே தண்ணீர்தான், எந்தக் கடையிலும் கிடைக்கும். நிறம் வேறான இரண்டு கூலன்ட்களை ஒன்றாகக் கொட்டக் கூடாது. அரிப்புத் தடுக்கும் மருந்து நாளாவட்டத்தில் தீர்ந்துபோகும் என்பதால் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றிவிட வேண்டும். இறக்கிய பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ தரையிலோ விடக் கூடாது. எத்திலின் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாயும் கன்றுக்குட்டியும் நக்கிவிட்டால் சிறுநீரகம் செயலிழந்து சாகும்.

ஹிமாலயன் வாங்குகிறவர்களில் பலருக்கு லடாக் போகும் ஆசை இருக்கிறது. அவர்களுக்காக ஒரு வார்த்தை. 5,798 மீட்டர் உயரத்து உம்லிங் லா கணவாயில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 81 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றும் அடர்த்தி குறைந்திருப்பதால் ஃபின்னோ ரேடியேட்டரோ வீசும் சூடும் குறைகிறது. இரவில் அதே இடம் உறைநிலைக்குக் கீழே இறங்கும். விழுப்புரத்தில் பைப் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போன வண்டி பகலில் கொதிக்கும், இரவில் ரேடியேட்டர் வெடிக்கும். புல்லட் அங்கே மூச்சு வாங்கும், திறன் விழும். உறைவதற்கு மட்டும் அதில் ஒன்றுமில்லை. பல பத்தாண்டுகளாக மக்கள் அதை அங்கே கொண்டுபோய்த் திரும்பியது அந்த எளிமையை நம்பித்தான்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், பழுதைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது. புல்லட் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும், கவனிப்பை ஓயாமல் கேட்கும். பாயின்ட், டேப்பட், ஆயில் என்று மாதா மாதம் ஏதாவது ஒன்றைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஹிமாலயன் ஆண்டுக்கணக்கில் கவனிப்புக் கேட்காது. கேட்கும்போது அந்த நிமிடமே நிற்க வேண்டும். ரேடியேட்டர் வண்டி என்றால் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும் என்ற பயம் மட்டும் மிகையானது. மேலே சொன்ன சோதனைகளில் மூடி, ஃபின், ஃபேன், தெர்மோஸ்டாட், பம்ப் துளை எல்லாமே வளவனூர்ப் பட்டறையில் இருக்கிற ஸ்பேனரையும் டெஸ்ட் லைட்டையும் வைத்துச் செய்யக்கூடியவை. சென்சார், இசியு என்று போகும்போதுதான் ஸ்கேனர் வேண்டும். நம் மெக்கானிக்குகளிடம் இல்லாதது திறமை இல்லை. இந்த வண்டிகளின் சர்வீஸ் கையேடுகள் தமிழில் அவர்கள் கைக்கு வந்தால், பாயின்ட்டைத் தாளை வைத்துக் குறித்த அந்த விரல்கள் தெர்மோஸ்டாட்டையும் ஒரே வாரத்தில் பழகிக்கொள்ளும். கையேட்டை விநியோகஸ்தரின் அலமாரியில் பூட்டி வைத்திருப்பது வண்டி வாங்கியவனுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வேலை முடிந்தபின் கூலன்ட் நிரப்புவதில் ஒரு பொறுமை தேவைப்படுகிறது. ஒரே மூச்சில் ஊற்றினால் ஹெட்டின் மேல்மூலையில் காற்றுக்குமிழ் தங்கிவிடும். அந்த இடத்தில் சூடு அள்ளப்படாது. வண்டியைச் சாய்த்து, ஹோஸைப் பிசைந்து, மெதுவாக ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்தபடி கிளப்பி, தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடாகும் வரை குமிழ்களை வெளியேற விட வேண்டும். காற்றை வெளியேற்றத் தனி ஸ்குரூ இருந்தால் அதையும் திறந்து மூட வேண்டும்.

பிறகு இரண்டு வண்டிகளையும் அதே சாலையில் ஓட்டிப் பார்க்கலாம். புல்லட்டை வளவனூரிலிருந்து கோலியனூர் கூட்டு ரோடு வரை ஒரே வேகத்தில் ஓட்டி, த்ராட்டிலைக் குறைக்காமலே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரமாக உருட்டி நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்றினால் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டும். ஹிமாலயனை அதே தூரம் ஓட்டித் திரும்பி, பட்டறை வாசலில் ஐடிலில் விட்டு, ஃபேன் இரண்டு தடவை தானாக ஓடி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் காலை, கிளப்புவதற்கு முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவு கழுத்தில் நிற்கிறதா, ரிசர்வில் கோடு இறங்கியிருக்கிறதா என்று பார்த்தபின்தான் வண்டிக்காரரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.